டர்போ பொத்தான்

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அன்றைய விளையாட்டுகள் பலவற்றுக்கு அந்த வேகமே கடிகாரம். பின்னால் வந்த வேகமான கணினிகளில் அதே விளையாட்டைப் போட்டால், கண்ணிமைக்கும் முன் ஆட்டம் முடிந்துவிடும். அதற்காகவே பெட்டியின் முகப்பில் டர்போ பொத்தான் வைத்தார்கள். பெயர்தான் டர்போ, அதன் உண்மையான வேலை வேகத்தைக் குறைப்பது. பழைய மென்பொருளுக்காகப் புதிய இயந்திரம் நடையைத் தளர்த்திக்கொள்வது எனக்கு இன்றும் பிடித்த மரியாதை.

பொத்தானின் பக்கத்தில் வேகத்தைக் காட்டுவதுபோல் ஒளிரும் 33, 66 என்ற எண்கள் பெரும்பாலும் எதையும் அளப்பதில்லை. எண் பலகையின் பின்பக்கம், எண்ணை உருவாக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஜம்பர் உண்டு. நகக்கண் அளவே உள்ள அந்தப் பிளாஸ்டிக் தொப்பிகளைப் பொறுமையாக மாற்றி மாற்றிச் செருகி, நாம்தான் எண்ணை எழுத வேண்டும். சரியான எண் ஒளிரும் நொடியில் வரும் மகிழ்ச்சி அலாதியானது.

பொத்தான் மறைந்த பிறகு, டர்போ பாஸ்கல் என்ற நிரலாக்கக் கருவியில் எழுதிய பல நிரல்கள் அடிவாங்கின. தொடங்கியதுமே அவை 55 மில்லிநொடியில் எத்தனை சுற்று ஓடுகிறது என எண்ணி, 55-ஆல் வகுக்கும். ஏறக்குறைய 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய கணினிகளில் விடை 16 பிட்டில் அடங்காமல், ‘ரன்டைம் எரர் 200’ என்று நின்றுவிடும். நிரலை எழுதியவரின் பிழை அல்ல, காலம்தான் முந்திவிட்டது.

பழைய பெட்டி கையில் கிடைத்தால், ஜம்பர்களைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள்.