எபோலிக்கு அப்பால்: தென் இத்தாலியும் அரசின் அபிவிருத்தியும்

பிரதேச ஏற்றத்தாழ்வினைப் பொருளியலாளரிடம் விட்டுவிடுதல் இலக்கிய விமரிசகர்க்கு வசதியானதே. கார்லோ லெவியின் 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்' (1945) அவ்வசதியை மறுக்கும் நூலாகும். பாசிச அரசினால் 1935இல் லுக்கானியாவுக்கு ஒதுக்கப்பட்ட இவ்வட இத்தாலிய ஓவியர், அங்குள்ள விவசாயிகளுக்கு அரசு என்பது மலேரியாவையும் வரட்சியையும் போன்றதொரு விதியாகவே இருந்ததைக் கண்டார். அவரது மனிதாபிமானம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால், அவ்விவசாயிகளை வரலாறு தீண்டாத உலகத்தவராகச் சித்திரிக்குமிடத்து அவர் பார்வை தவறுகின்றது. கிராம்ஸ்சி 1926இல் எழுதி முற்றுப்பெறாது நின்ற கட்டுரை, வட முதலாளித்துவமும் தென்னக நிலவுடைமையும் கொண்ட கூட்டிலேயே தெற்கின் அவலத்தைக் கண்டிருந்தது.

1950இல் நிறுவப்பட்டு 1984இற் கலைக்கப்பட்ட 'தெற்குக்கான நிதியம்' லெவியின் படிமத்தையே கொள்கையாக்கியது எனலாம். எட்டாதவை எட்டவேண்டும்: வீதி, குடிநீர், அணை; பின்னர் தாரந்தோவில் உருக்காலை. 1970களின் தொடக்கம்வரை வருமான இடைவெளி ஓரளவு குறுகியமை உண்மையே. எனினும், வடக்குடனான உறவு மாறவில்லை. இலட்சக்கணக்கானோர் உழைப்பை விற்க மிலானுக்கும் ரூரினுக்கும் சென்றனர். சுற்றயலோடு ஒட்டாத ஆலைகள் 'பாலைவனத்துப் பேராலயங்கள்' எனப் பரிகசிக்கப்பட்டன.

மேலிருந்து வரும் எவ்வரசும் தீர்வு தராது, கிராமங்களின் தன்னாட்சியே வழி என்று நூலிறுதியில் லெவியே வாதிடுகிறார். திட்டமிட்டோர் அப்பக்கங்களைப் புரட்டவில்லை போலும். அவர் நூலாற் பிரசித்தமான மத்தேராக் குகைகளிலிருந்து 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அக்குகைகளிற் சில இன்று உல்லாசப் பயணிகளின் விடுதிகள்.