ஆற்றுப்பெயர்களும் ஸ்லாவியர் தாயகமும்: தொப்பரோவ் – துருபச்சோவ் ஆய்வுமுறை குறித்த மதிப்பீடு

ஸ்லாவிய மொழிகள் வழங்கும் நிலப்பரப்பின் பேராறுகள் பலவற்றின் பெயர்கள் ஸ்லாவியச் சொற்கள் அல்ல. டான், தினீப்பர், தினீஸ்தர் ஆகிய மூன்றிலும் ஆறு என்னும் பொருளுடைய ஈரானியச் சொல் அடங்கியுள்ளது என்பது அறிஞர் பலரும் ஏற்கும் கருத்து. அவெஸ்தாவின் ‘தானு’வும் ஒசேத்திய மொழியின் ‘டொன்’னும் அதற்குச் சான்றுகள். எனினும், பேராற்றின் பெயர் வணிகர் வழியாகவும் படையெடுப்போர் வழியாகவும் நெடுந்தொலைவு பரவும். ஆகவே, கரையில் வாழ்ந்தோர் யாவர் என்பதை அது மட்டும் உறுதிசெய்யாது.

இவ்விடர்ப்பாட்டைக் கடக்க முயன்ற நூல், தொப்பரோவும் துருபச்சோவும் 1962இல் மாஸ்கோவில் வெளியிட்ட மேல் தினீப்பர் பகுதி ஆற்றுப்பெயர்களின் மொழியியல் ஆய்வு. சிற்றாறுகளின் பெயர்களைப் பெருந்தொகையாகத் திரட்டி, வேர்ச்சொல்லோடு பின்னொட்டுகளையும் நிலப்பரவலையும் சேர்த்து நோக்கியமை இதன் சிறப்பு. சிற்றாற்றின் பெயர் பெரும்பாலும் அதன் கரையில் வாழ்வோரிடையே மட்டும் வழங்குவது. பின்வரும் குடியேறிகள் அதனை அவர்களிடமிருந்தே அறிதல் கூடும். தெற்கே சேய்ம் ஆற்றுப் பகுதிவரை பால்டிக் பெயரடுக்கு இருந்ததை இந்நூல் காட்டியதால், ஸ்லாவியர் அங்குப் பின்வந்தோர் என்னும் கருத்து வலுப்பெற்றது.

ஆயினும், நெருங்கிய உறவுடைய மொழிகளைப் பிரித்தறிவதில் இம்முறைக்கு எல்லை உண்டு. பெரெசினா ஆற்றின் பெயர் பூர்ச்ச மரத்தைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. அம்மரம் ரஷ்ய மொழியில் ‘பெரியோசா’. லித்துவேனிய மொழியில் ‘பெர்ஜாஸ்’. இரண்டும் ஒரே மூலத்தின் கிளைகள். எனவே, அப்பெயர் ஸ்லாவியர் இட்டதா, பால்டிக் பெயர் ஸ்லாவிய ஒலியமைப்புக்கு ஏற்பத் திரிந்ததா என்பதை வேர்ச்சொல் கொண்டு தீர்மானிக்க இயலாது. இதற்கு மாறாக, ஓகாவின் துணையாறான உபாவின் பெயர் ஆறு என்னும் பொருளுடைய லித்துவேனிய ‘உபே’யோடு நேரே பொருந்துகிறது. இவ்விரு பெயர்களையும் வரைபடத்தில் ஒரே மதிப்புடைய புள்ளிகளாகக் குறித்தால், ஐயத்திற்குரியதும் உறுதியானதும் ஒன்றாகிவிடும்.

காலக்கணிப்பு மற்றோர் எல்லை. பெயரடுக்குகள் முன்பின் முறையைக் காட்டும், நூற்றாண்டைக் காட்டா. 1979இல் உடோல்ஃப், ஸ்லாவிய ஆற்றுப்பெயர்களின் செறிவைக் கொண்டு கார்பாத்திய மலைகளின் வடசரிவைத் தாயகமாகக் கருதியபோதும் இதே வினா எழுகிறது: செறிவு தொன்மையைக் காட்டுகிறதா, நீண்ட குடியிருப்பையா? தொல்லியல் சான்று துணைநில்லாதவரை ஆற்றுப்பெயர், ஒரு மொழியினர் அங்கு இருந்தனர் என்பதற்கே சான்றாகும். அவரே முதற்குடியினர் என்பதற்கு ஆகாது. தாயக உரிமை பேசுவோர் பெரிதும் மறப்பது இவ்வேறுபாட்டையே.