யாங்ஹாய் சேணம்: செய்தியில் விட்டுப்போன சொற்கள்

சீனாவின் துர்பான் வட்டாரத்தில், யாங்ஹாய் இடுகாட்டில் கிடைத்த தோல் சேணம் பற்றி 2023-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. நான் படித்த செய்திகளில் ஒரே பல்லவிதான்: 'உலகின் மிகப் பழைய குதிரைச் சேணம்'. கட்டுரைக்காரங்க அப்படி எழுதலை. 'நேரடியாகக் காலம் கணிக்கப்பட்டவற்றுள்' பழையது என்றுதான் தலைப்பிலேயே போட்டிருக்காங்க. அது ஒரு பெண்ணின் புதைகுழி என்பதும் அதே தலைப்பில் இருக்கு.

இந்த அடைமொழி சும்மா போட்டதில்லை. அந்தச் சேணம் மாட்டுத்தோலில் தைத்த இரண்டு மெத்தைகள். உள்ளே வைக்கோல், மான் மயிர், ஒட்டக மயிர். எல்லாமே மக்கிப்போகிற சரக்கு. துர்பானின் வறட்சியும் அல்தாய் மலையின் உறைநிலமும் காப்பாற்றியதால்தான் இந்தக் காலத்துச் சேணங்கள் சில நம் கைக்கு வந்திருக்கு. ஆக 'மிகப் பழையது' என்றால், மக்காமல் தப்பியதில் பழையது. அவ்வளவுதான்.

சேணம் செப்பனிடுகிறவரைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார். திணித்த மயிர், குதிரைமயிரோ கம்பளியோ, நாளாக ஆக அமுங்கிக் கட்டி தட்டிவிடும். கட்டி குதிரையின் முதுகைப் புண்ணாக்கும். அதனால் தையலைப் பிரித்து, மயிரைச் சிக்கெடுத்து, தேவைப்பட்டால் புதுசு அடைத்துத் திரும்பத் தைப்பார்கள். (நம்ம வீட்டு இலவம்பஞ்சு மெத்தை கதைதான்.) இப்படி உழைத்த சேணத்தில் தோலுக்கு ஒரு வயசு, மயிருக்கு ஒரு வயசு, நூலுக்கு ஒரு வயசு. காலக் கணிப்புக்கு எதைக் கிள்ளி எடுத்தாங்க என்பதுதான் முதல் கேள்வியா இருக்கணும். நான் படித்த செய்திகளில் ஒருத்தரும் அதைக் கேட்கலை.