வீட்டுக்குப் போனவனுக்கு என்ன நோய்?

அமெரிக்கப் படைகளின் ‘தாராளப் பரிசீலனை’ பத்தாண்டைக் கடந்துவிட்டது. 2014 செப்டம்பரில் அன்றைய பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல் பிறப்பித்த குறிப்பாணையில் தொடங்கி, 2017இல் கர்ட்டா, 2018இல் வில்கி என்ற பாதுகாப்புத் துறை அதிகாரிகளின் அடுத்தடுத்த ஆணைகளால் வளர்ந்த ஏற்பாடு இது. கெட்ட சான்றோடு வெளியே அனுப்பப்பட்ட பழைய சிப்பாய் தன் டிஸ்சார்ஜைத் திருத்தித் தரும்படி மனுப் போட்டால், மனுவைப் பரிசீலிக்கும் படையின் வாரியம் இளகிய மனதோடு பார்க்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்காகப் பேசுகிறவர்களிடம் ஒரு வாதம் தயாராக இருக்கிறது: கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது, தகுதியுள்ளவருக்குக் கிடைத்துவிடும். முதல் மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நான்காவதைத்தான் ஏற்க முடியவில்லை.

கொடுக்க வேண்டிய பாராட்டை முதலில் கொடுத்துவிடலாம். போர் மனவடு நோய் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியதே 1980இல்தான். 1969இல் வியட்நாமிலிருந்து திரும்பி, தூக்கம் கெட்டு, முகாமை விட்டு ஓடியவனுக்குத் தன் நிலைக்கு ஒரு பெயர்கூடக் கிடைத்திருக்காது. அவனை வெறும் ஒழுங்கீனன் என்று எழுதி அனுப்பியது அநியாயம். அந்த அநியாயத்தை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்ட முதல் ஆவணங்களில் ஹேகல் ஆணையும் ஒன்று. அதுவும் தானாக வரவில்லை. 2014இல் யேல் சட்டப் பள்ளி மாணவர்கள் வியட்நாம் வீரர்களுக்காகப் போட்ட வழக்கு அதற்கு முன்னால் இருக்கிறது. 2021இல் தரைப்படை ஒரு கூட்டு வழக்கில் சமரசத்துக்கு வந்து, பழைய நிராகரிப்புகள் பலவற்றை மறுபடி பார்க்க இசைந்தது. நல்லதுதான். விடுப்பு வாங்காமல், சொல்லாமல் போகிறவனின் காவல் முறையை இன்னொருவன் சுமக்கிறான் என்பதும் உண்மை; எந்தப் படையும் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

இனி என் ஆட்சேபம். இந்தக் கருணை மருத்துவமனை வாசல் வழியாகவே வருகிறது.

கர்ட்டா ஆணை வாரியத்தின் முன் நான்கு கேள்விகளை வைக்கிறது. குற்றத்தைத் தணிக்கக்கூடிய நோயோ அனுபவமோ மனுதாரருக்கு இருந்ததா? பணிக்காலத்தில் இருந்ததா? அது உண்மையிலேயே குற்றத்தைத் தணிக்கிறதா? கெட்ட சான்றை விட அதன் எடை அதிகமா? நோய் என்றால் மனவடு, மூளைக்காயம் முதலியவை. அனுபவம் என்றால் முதன்மையாகப் பாலியல் வன்முறையும் தொல்லையும். சொல்லாமல் போன வழக்குகளில் இந்தக் கேள்விகள் ஒரு வாய்பாடு போல வேலை செய்கின்றன. மனவடு உள்ளவர் தன்னைக் கலங்கடிக்கும் இடத்தைத் தவிர்ப்பார். முகாமை விட்டுப் போவதும் தவிர்ப்பே. ஆகவே நோய்க்கும் குற்றத்துக்கும் தொடர்பு உண்டு என்று வாரியத்தின் மருத்துவ ஆலோசகர் எழுதிவிடுகிறார். திருட்டுக்கோ பொய்க்கோ இந்தத் தொடர்பைக் காட்டுவது கடினம். ஓடிப்போனதற்குச் சுலபம்.

இரண்டு சிப்பாய்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவன் ஈராக்கிலிருந்து திரும்பியவன். நாற்பது நாள் காணாமல் போகிறான். ஏன் போனான் என்று அவனுக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. இன்னொருவன் போர்முனையைப் பார்க்காதவன். தன்னை வளர்த்த பாட்டி படுத்த படுக்கை. வீட்டில் பன்னிரண்டு வயதுத் தங்கை மட்டும். சார்ஜென்டிடம் விடுப்புக் கேட்கிறான். பாட்டி உடனடிக் குடும்பத்தில் சேர மாட்டாள், வளர்த்தவள் என்பதற்குச் சான்று கொண்டுவா என்று பதில் வருகிறது. பேருந்து ஏறிவிடுகிறான். அவனும் நாற்பது நாள் கழித்துத் தானாகத் திரும்புகிறான். முப்பது நாளைத் தாண்டிவிட்டதால் இருவர் பெயரும் ‘தப்பியோடியவர்’ பட்டியலில் ஏறியிருக்கும். இருவர் கையிலும் ஒரே மாதிரியான டிடி 214 என்ற விடுவிப்புச் சான்று, ‘மதிப்புக்குரியது அல்லாத நிலையில்’ விடுவிக்கப்பட்டார் என்ற ஒரே வரியோடு.

இருபது ஆண்டு கழித்து இருவரும் மனுப் போடுகிறார்கள். முதலாமவனுக்கு வாய்ப்பு உண்டு. கிடைக்கட்டும், அவனுக்கு உரியது அது. இரண்டாமவனுக்கு வரக்கூடிய பதிலை இத்தகைய தீர்ப்புகளைப் படித்தவர்கள் முன்கூட்டியே எழுதிவிடலாம்: மனுதாரர் தளபதியையோ பாதிரியாரையோ குடும்பநல மையத்தையோ அணுகி உதவி கேட்டதாகக் கோப்பில் ஆதாரம் இல்லை. காரணத்தோடு போனவன் குற்றவாளி, காரணம் சொல்லத் தெரியாமல் போனவன் மன்னிக்கத்தக்கவன் என்று ஆகிவிடுகிறது.

குற்றவியல் நீதிமன்றத்தில் இப்படி ஒரு தர்க்கம் பொருந்தலாம். அங்கே கேள்வி, செய்தவனின் புத்தி அவன் வசம் இருந்ததா என்பது. ஆனால் டிஸ்சார்ஜின் தரம் என்பது தண்டனைத் தீர்ப்பு அல்ல. ஒருவனுடைய மொத்தப் பணிக்கும் படை எழுதித் தரும் மதிப்பீடு. அந்த மதிப்பீட்டில் அவன் மூளையை மட்டும் சோதித்துவிட்டு, அவன் நின்ற சூழ்நிலையை விட்டுவிடுவது எந்த ஊர் நியாயம்?

வில்கி ஆணை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நோய் இல்லாதவருக்கும் நியாயம், கருணை என்ற அடிப்படையில் நிவாரணம் தரலாம் என்கிறது. மதிப்புக்குரிய சான்றுக்குக் களங்கமே இல்லாத பணி தேவையில்லை என்றுகூடச் சொல்கிறது. வாரியங்களின் பழைய விதிகளிலும் குடும்பப் பிரச்சினை கருதத்தக்க ஒன்றாக எழுதப்பட்டே இருக்கிறது. எல்லாம் ‘தரலாம்’ என்ற அளவில்தான். நோய்க்கு நான்கு கேள்விகளும் தனி மருத்துவ ஆலோசகரும். குடும்பத்துக்குப் பட்டியலில் ஒரு வரி. வாரியத்தில் உட்காருபவர்களுக்கு எது வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. நோயை ஒப்புக்கொள்வதால் யாருடைய நற்பெயருக்கும் பங்கமில்லை. விடுப்பு மறுக்கப்பட்டது தப்பு என்று எழுதினால் ஓர் அதிகாரி தவறு செய்தார் என்று ஆகும்.

ஆதாரத்தின் கதை இன்னும் மோசம். மனவடு இருந்தது என்பதை இருபது ஆண்டு கழித்தும் ஓர் உளவியலாளர் பரிசோதித்து எழுதித் தர முடியும். மனுதாரரின் சொந்த வாக்குமூலமே போதும் என்றுகூட கர்ட்டா ஆணை இடம் தருகிறது. சார்ஜென்ட் வாய்மொழியாகச் சொன்ன ‘முடியாது’வை யார் எழுதித் தருவார்? அந்தக் கோப்பை வைத்திருந்தது படை. எதை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானித்ததும் படை. அதிகாரிகள் முறைப்படியே நடந்திருப்பார்கள் என்ற அனுமானத்தோடுதான் வாரியம் கோப்பையே திறக்கிறது. அதை உடைக்கும் பொறுப்பு மனுதாரர் தலையில்.

கோப்பு ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. சொல்லாமல் போய்த் திரும்பிய தரைப்படைச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ராணுவ நீதிமன்றத்தையே பார்த்ததில்லை. ஈராக் போர் ஆண்டுகளில் ஃபோர்ட் நாக்ஸிலோ ஃபோர்ட் சில்லிலோ வைத்து, ‘அத்தியாயம் 10’ என்ற தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். விசாரணை வேண்டாம், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், விடுவித்துவிடுங்கள் என்பது அதன் பொருள். ஏன் போனாய் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டிய ஒரே இடம் விசாரணை. அது நடக்கவில்லை. ஆறு மாதம் போனால் சான்று தானாகவே உயர்ந்துவிடும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள் என்று மனு எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு விதி ஒருநாளும் இருந்ததில்லை. பத்தொன்பது வயதுப் பையனிடம் அதைச் சொன்னவர்களின் பெயரும் எந்தக் கோப்பிலும் இல்லை.

சொல்லாமல் போனவர்கள் ஏன் போனார்கள் என்பது அமெரிக்க அரசுக்குத் தெரியாத விஷயமும் அல்ல. 1974 செப்டம்பரில் ஜனாதிபதி ஃபோர்டு, சார்லஸ் குடெல் தலைமையில் ஒரு கருணை வாரியம் அமைத்தார். அதன் முன் வந்த சிப்பாய்களில் போரை எதிர்த்துப் போனவர்கள் சிறுபான்மையே. வீட்டுப் பிரச்சினைக்காகப் போனவர்கள் அவர்களை விட அதிகம். அந்த வாரியம் இவர்களுக்குத் தந்ததோ ‘கருணை விடுவிப்பு’ என்ற புதுச் சான்று. அதைக் கொண்டு ஒரு சலுகையும் வாங்க முடியாது. 1977 ஜனவரியில் கார்ட்டர் பதவியேற்ற மறுநாளே, கட்டாயச் சேர்ப்புக்குத் தப்பியவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். படையில் சேர்ந்த பிறகு ஓடியவர்களுக்கு அது இல்லை. கல்லூரிக்கும் கனடாவுக்கும் போகத் தெரிந்தவர்கள் முதல் வரிசையில் இருந்தார்கள். 1966இல் மக்னமாரா தகுதியைத் தளர்த்தி லட்சக்கணக்கில் சேர்த்துக்கொண்ட ஏழைப் பையன்கள் போன்றவர்கள் இரண்டாம் வரிசையில். யார் எந்த வரிசை என்பதை வர்க்கம் தீர்மானித்தது என்றால் மிகையாகாது.

அதே 1977இல் கார்ட்டர் ஒரு சிறப்பு மறுபரிசீலனைத் திட்டம் கொண்டுவந்தபோது நாடாளுமன்றம் அக்டோபரில் அதன் பல்லைப் பிடுங்கியது. தொடர்ந்து 180 நாள் சொல்லாமல் போய், அதனாலேயே கெட்ட சான்று பெற்றவருக்கு வீரர் நலச் சலுகை இல்லை என்று சட்டம் வந்தது. இன்றும் இருக்கிறது. இதில் ஒரு கண்ணி: டிடி 293 படிவத்தில், பதினைந்து ஆண்டுக்குள், விடுவிப்பு மறுஆய்வு வாரியத்திடம் மனுப் போட்டு வென்றாலும் இந்தத் தடை விலகாது. டிடி 149 படிவத்தில் ஆவணத் திருத்த வாரியத்திடம் வென்றால்தான் விலகும். முதல் வாசலில் வென்று, சான்றைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, வீரர் நலத்துறைக்குப் போய்த் திரும்பி வந்தவரின் நிலையை எண்ணிப்பாருங்கள்.

அந்த நலத்துறை இந்த 180 நாள் தடைக்கு ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. அது கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்: போன காலம் தவிர மற்றப் பணி எப்படி? வீட்டில் நெருக்கடியா, யாருக்காவது கடமைப்பட்டிருந்தாரா? அப்போது வயது என்ன, படிப்பு என்ன, பின்னணி என்ன? 2024இல் இந்தப் பட்டியலை இன்னும் விரித்தார்கள். ஒரு மனிதனைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதாம். அதே அரசின் இன்னோர் அலுவலகம் அவற்றை எழுதி வைத்திருக்கும்போது, படையின் வாரியங்கள் மட்டும் மருத்துவக் குறிப்பைத் தேடிக்கொண்டிருக்கின்றன. நலத்துறை இரங்கிச் சிகிச்சை தந்தாலும் டிடி 214இல் ஓர் எழுத்தும் மாறாது. வேலைக்கு எடுக்கும் முதலாளி கேட்பது அந்தச் சான்றைத்தான்.

விளைவு என்ன? மனு எழுத உதவுகிறவர்கள் மனுதாரரிடம் முதலில் கேட்பது, உனக்கு என்ன ஆயிற்று என்பதல்ல, என்ன நோய் என்பது. பாட்டிக்காகப் போனவன் தன் துக்கத்தை மனச்சோர்வு என்று எழுதக் கற்றுக்கொள்கிறான். எழுதாவிட்டால் தோற்பான். எழுதினால், சரியென்று தெரிந்தே செய்த ஒன்றைப் புத்தி கலங்கிச் செய்ததாகக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். இதைத்தான் தாராளம் என்கிறார்கள்.

மாற்ற வேண்டியது பெரிய விஷயமும் அல்ல. சொல்லாமல் போன வழக்கு ஒவ்வொன்றிலும் வாரியம் படையிடம் கேட்கட்டும்: இவர் விடுப்புக் கேட்டாரா, யாரிடம் கேட்டார், மறுத்தது யார், என்ன காரணத்தால்? கோப்பில் பதில் இல்லையென்றால், கோப்பை எழுதியவர்களுக்குச் சாதகமாக அந்த வெற்றிடத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டு, மனுதாரர் சொல்வதை உண்மையென்று எடுத்துக்கொள்ளட்டும். மனவடு உள்ளவரின் வாய்மொழிக்கு ஏற்கெனவே அந்த இடத்தைக் கொடுத்தாகிவிட்டது.