640 பிக்சல் படிவமும் காணாமல் போன பட்டனும்

நான் படித்த பள்ளியின் முன்னாள் மாணவர் சங்க வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. போன வருடம் உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை ஓர் இலவசப் படிவச் சேவையில் தயாரித்து, அவர்கள் கொடுத்த எம்பெட் கோடை அப்படியே காப்பி செய்து பக்கத்தில் ஒட்டினேன். லேப்டாப்பில் அழகாக வந்தது. மொபைலில் மட்டும் பக்கம் இடமும் வலமுமாக ஆடியது. வெளியே வழிவதை மறைக்கச் சொல்லி சி.எஸ்.எஸ்.ஸில் ஒரு வரி சேர்த்தேன். ஆட்டம் நின்றது.

இரண்டு நாள் கழித்து சங்கச் செயலாளர் போன் செய்தார். "தம்பி, ஒரு அம்மா பேசினாங்க. எல்லாத்தையும் நிரப்பிட்டாங்களாம். அனுப்புற பட்டனே இல்லைங்கிறாங்க."

பட்டன் இருந்தது. வலது ஓரத்தில், அந்த அம்மாவின் திரைக்கு வெளியே. ஆட்டத்தை நிறுத்துகிறேன் பேர்வழி என்று அதை மறைத்தது நான்தான்.

அதன் பிறகுதான் அந்த எம்பெட் கோடை நிதானமாக வாசித்தேன். அகலம் 640 என்று அதில் எழுதியிருந்தது. சாதாரண ஆண்ட்ராய்டு போனின் திரை, வெப் கணக்கில், சுமார் 360 பிக்சல் அகலம். மிச்சம் 280 பிக்சல் எங்கே போகும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், படிவம் மட்டும் தனியாகத் திறந்தால் மொபைலில் கச்சிதமாக வருகிறது. அதைச் செய்தவர்கள் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஐஃப்ரேமுக்குள் இருக்கும் பக்கத்துக்கு அந்த ஃப்ரேமின் அகலம்தான் உலகம். 640 என்று நாம் சொன்னால், போனில் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது. 640-க்கு ஏற்றபடி நிம்மதியாகப் பரப்பிக்கொள்ளும். ஆக, படிவம் தப்பு செய்யவில்லை. கோடு அதனிடம் பொய் சொல்கிறது.

ஐஃப்ரேம் 1996-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3-இல் வந்தது. எல்லாரும் மேசைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த காலம். ஐஃபோன் வந்தது 2007-இல். திரைக்கேற்ப வளையும் வடிவமைப்பைப் பற்றி ஈதன் மார்கோட் எழுதியது 2010-இல். இவ்வளவுக்குப் பிறகும் காப்பி பட்டனை அழுத்தினால் நிலையான ஓர் அகலம் கிடைப்பதற்குச் சோம்பல் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அகலம் 100 சதவீதம், உச்சபட்சம் 640 என்று எழுதினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி உயரம். இங்கேதான் பலர் வீடியோவுக்கான வைத்தியத்தைப் படிவத்துக்கும் சொல்கிறார்கள்: அகலத்தில் 56.25 சதவீதத்தை உயரமாக வை என்று. அது 16க்கு 9 வீடியோவின் கணக்கு. வீடியோவின் அகலம் குறைந்தால் உயரமும் குறையும். படிவத்தில் நேர் எதிர். அகலம் குறையக் குறைய வரிகள் மடங்கி உயரம் ஏறும். ஒரு கட்டாயக் கேள்வியை விட்டுவிட்டால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்து இன்னும் கொஞ்சம் நீளும். இதற்கு நிலையான விகிதமே கிடையாது.

உள்ளே எவ்வளவு உயரம் என்று வெளியிலிருந்து கேட்கவும் முடியாது. இன்னொரு தளத்தின் பக்கத்துக்குள் நம் ஸ்கிரிப்ட் எட்டிப்பார்க்க பிரவுசர் விடாது. நெட்ஸ்கேப் 2 காலத்திலிருந்து இருக்கும் நியாயமான பாதுகாப்பு விதி இது. உள்ளே இருப்பவரே போஸ்ட்மெசேஜ் வழியாகத் தன் உயரத்தைச் சொல்லி அனுப்ப வேண்டும். சில சேவைகள் இதற்கென்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தருகின்றன. நான் எடுத்த சேவை தரவில்லை. அப்போது உயரத்தை உத்தேசமாக வைக்க வேண்டியதுதான். குறைந்தால் ஸ்க்ரோலுக்குள் ஸ்க்ரோல், கூடினால் அடியில் வெள்ளைப் பாலைவனம்.

எனவே என் தீர்ப்பு: உள்ளிருக்கும் படிவம் வெளியே பேசாது என்றால் மொபைலில் எம்பெட் செய்யாதீர்கள். "விண்ணப்பப் படிவத்தைத் திறக்க" என்று பெரிதாக ஒரு பட்டன் வையுங்கள், போதும்.

"வந்தவர்கள் நம் தளத்தை விட்டுப் போய்விடுவார்களே" என்று சங்கத்திலும் கேட்டார்கள். போகட்டுமே. விண்ணப்பம் வந்து சேர்வதுதானே முக்கியம்? இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் படிவம் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்கிறது. எம்பெட் செய்தபோது முகவரிப் பட்டையில் சங்கத்தின் பெயர்தான் தெரிந்தது. எண் போனதோ வேறொரு கம்பெனியின் சர்வருக்கு. தனிப் பக்கமாகத் திறந்தால் யாரிடம் கொடுக்கிறோம் என்பதாவது கொடுப்பவர் கண்ணில் படும்.

அந்த அம்மாவுக்கு லிங்க் அனுப்பினோம், கடைசித் தேதியையும் ஒரு வாரம் தள்ளிவைத்தோம். அவர் போன் செய்ததால் தெரிந்தது. பட்டனைத் தேடிவிட்டுப் பேசாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு எடுக்க வழியில்லை.

உங்கள் தளத்திலும் படிவம் இருந்தால் பிரவுசரைச் சுருக்கிப் பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். அதில் கீபோர்டு எழும்பிப் பாதித் திரையை விழுங்காது. நிஜமான ஒரு போனை எடுத்து, முதல் கேள்வியிலிருந்து நிரப்பி, கடைசிப் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.