பல்லவி திரும்பும் இடம்

திருச்சுழி வட்டாரத்து மண்டபசாலை, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மதுரை மிஷன் காலூன்றிய ஊர்களில் ஒன்று. இந்தக் கரிசல் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் கீர்த்தனை எழும்போதெல்லாம் எனக்குக் கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் நினைவு வரும்.

1774இல் நெல்லையில் பிறந்தவர். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர்; தஞ்சை சரபோஜி மன்னரோடு படித்தவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். 1864இல் மறையும்வரை பாட்டே அவருடைய ஊழியம். மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் 1853இல் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தில் அவர் கீர்த்தனைகள் நிறைய இடம்பெற்றன.

அந்நிய மெட்டுக்குத் தமிழை ஒடித்து வளைக்காமல், நம் ராகத்திலும் தாளத்திலும் வேதத்தைப் பாடவைத்தாரே, அதுதான் அவர் கைவண்ணம். சரணத்தை ஒருவர் பாடுவார். பல்லவி வந்ததும் சபையே வாங்கிக்கொள்ளும். எதுகையும் மோனையும் வரப்போகும் சொல்லை முன்கூட்டியே காதில் சொல்லிவிடும். எழுத்தறியாத பாட்டிக்கும் இரண்டாம் சுற்றிலேயே பல்லவி மனப்பாடம். புத்தகம் வேண்டாம், ஆர்மோனியம்கூட வேண்டாம், கைத்தாளம் போதும்.

மழையை நம்பி மானாவாரி நிலத்தில் விதைத்துவிட்டு வந்தவர்கள் சேர்ந்து பாடும்போது, அந்தப் பல்லவி ஒவ்வொரு சுற்றிலும் கனம் கூடித் திரும்பும். ஒரு பாட்டுக்காரருக்கு இதைவிடப் பெரிய சன்மானம் ஏது!