பட்டுத் திரும்பும் பந்து

கேரம் ஆடி வளர்ந்தவனுக்குப் பூல் மேசையில் முதல் ஏமாற்றம் குஷனில்தான் காத்திருக்கும். கேரம் போர்டின் மரச்சட்டத்தில் ஸ்ட்ரைக்கர் எந்தச் சாய்வில் மோதுகிறதோ, ஏறக்குறைய அதே சாய்வில் திரும்பும். ரீபவுண்ட் அடித்துப் பழகிய விரல் அதை நம்பியே சுண்டும். பூல் மேசையின் குஷனோ ரப்பர். ஓங்கி அடித்தால் அது அமுங்கிப் பந்தைச் செங்குத்துப் பக்கமாக இழுத்துத் துப்பும். அதே இடத்துக்கு மெல்ல உருட்டிவிட்டால், பந்தில் மிச்சமிருக்கும் உருளலால் கோணம் விரியும். எங்கே அடிப்பது என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது, எவ்வளவு வேகத்தில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இது புரிவதற்குள் சென்னையில் ஒரு மழைக்காலம் முழுக்க மணிக்கணக்கில் மேசை வாடகை கட்டியிருக்கிறேன். ஈரம் ஏறிய துணியில் நேற்று விழுந்த பந்து இன்று விழாது என்பது அந்தப் பருவத்தின் கூடுதல் பாடம்.

குறிப்பந்தை நேரே குழிக்கு அனுப்பாமல் குஷனில் மோதவிட்டுத் திருப்பி விழவைப்பது பேங்க். வெள்ளைப் பந்தே முதலில் குஷனைத் தொட்டு, பிறகு குறிப்பந்தை அடைந்தால் அது கிக். இந்த இரண்டுக்கும் எல்லா ஊரிலும் ஒரே மரியாதை கிடையாது. ஸ்னூக்கர் வழியில் வந்தவர்கள் பேங்க் அடியை டபுள் என்பார்கள், வேறு வழி இல்லாதபோதுதான் அதைத் தொடுவார்கள். ஜபல்பூரில் 1875இல் நெவில் சேம்பர்லின் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஸ்னூக்கர், ஊட்டி கிளப்பில் விதிகள் பெற்று வளர்ந்தது. அந்த வழியில் வந்த நம் கிளப் ஆட்டக்காரர்களிடமும் இந்தத் தயக்கத்தைப் பார்க்கலாம். டபுள் விழுந்தால் கைதட்டுவார்கள், ஆனால் முகத்தில் லேசான சிரிப்பு இருக்கும்.

அமெரிக்காவின் கென்டக்கி, டென்னசி பக்கம் போனால் கதை தலைகீழ். அங்கே பேங்க் அடிகளை மட்டும் வைத்தே ஒரு ஆட்டம் உண்டு. பதினைந்து பந்துகளில் எட்டை முதலில் விழவைப்பவர் வென்றார், ஒன்பது பந்து வைத்து ஆடினால் ஐந்து போதும். எந்தப் பந்து, எந்தக் குழி, எத்தனை குஷன் என்று கேட்டால் சொல்லியாக வேண்டும். போகிற வழியில் குறிப்பந்து இன்னொரு பந்தை உரசிவிட்டால், குழியில் விழுந்தாலும் செல்லாது. அதை எடுத்து மேசையில் வைத்துவிட வேண்டும். நாக்ஸ்வில் கரடி என்று பெயரெடுத்த எடி டெய்லர் இந்த மரபின் பெருந்தலை. 1999இல் லூயிவில்லில் தொடங்கிய டெர்பி சிட்டி கிளாசிக் போட்டியிலும் பேங்க் ஆட்டத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. இவர்களுடைய அளவுகோல் சுத்தம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கறாரான பள்ளியாகத் தெரிகிறது, ஏனென்றால் அதிர்ஷ்டத்துக்கு இங்கே கணக்கில் இடமே இல்லை.

ஐரோப்பியரின் வழி வேறு. கியூ கோலின் முனையில் தோல் ஒட்டும் யோசனையைப் பிரெஞ்சுப் படை அதிகாரி பிரான்சுவா மிங்கோ சிறையில் இருந்தபோது கண்டதாகச் சொல்வார்கள். தோல் வந்த பிறகுதான் பந்தைப் பிடித்துச் சுழற்ற முடிந்தது, சாக் தடவியதும் பிடி இன்னும் கூடியது. அந்தச் சுழலுக்குக் கணிதம் எழுதியவர் கோரியோலிஸ். செங்குத்தாகக் கோலைப் பிடித்துக் கொத்தும் மாஸே அடியில் பந்து பரவளையமாக வளைந்து போகும், சறுக்கல் நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் ஓடும் என்று 1835இல் வெளிவந்த நூலில் நிறுவினார். குழியே இல்லாத மேசையில் ஆடும் ஆர்ட்டிஸ்டிக் பில்லியர்ட்ஸ் இந்த வழியில் வந்தது. முன்கூட்டியே வரையறுத்த 76 அடிகள், கடினத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றுக்கும் 4 முதல் 11 வரை புள்ளிகள், கூட்டினால் 500. பரதத்தில் வர்ணம் போல எல்லோருக்கும் ஒரே உருப்படிதான், யார் எவ்வளவு நெருங்கினார்கள் என்பதே போட்டி.

அதே குழியில்லாத மேசையிலிருந்துதான் பூல் ஆட்டக்காரர்கள் கணக்கையும் கடன் வாங்கினார்கள். மேசை விளிம்பில் பதித்திருக்கும் புள்ளிகளை டயமண்டு என்பார்கள், கணக்குக்காக அவற்றுக்கு எண் கொடுப்பார்கள். வில்லி ஹாப்பி 1941இல் எழுதிய நூலில் இந்த டயமண்டு முறையை விளக்கியிருக்கிறார். சாரம் ஒரு கழித்தல்தான்: வெள்ளைப் பந்து மூலையில், 50 என்ற எண்ணில் நிற்கிறது, மூன்றாவது குஷனில் 20க்குப் போக வேண்டும், எதிர்க் குஷனில் 30ஐக் குறிவைத்து, ஓட்டச் சுழல் கொடுத்து அடி. ஆனால் குறி வைப்பது குஷனின் உதட்டையா, பின்னால் மரத்தில் இருக்கும் புள்ளியையா? இரண்டேகால் அங்குலப் பந்தின் மையம், உதட்டுக்கு ஒன்றேகால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான தூரத்திலேயே நின்று திரும்பிவிடும். கோட்டைப் புள்ளிவரை நீட்டிப் பார்க்காதவன் கழித்தலைச் சரியாகப் போட்டும் தோற்பான். நான் தோற்றிருக்கிறேன்.

மணிலாப் பள்ளிக்கு எழுதிய விதி இல்லை, எஃப்ரன் ரேயஸ் இருக்கிறார். மாமாவின் பூல் கூடத்தில் வளர்ந்து, சிறுவனாக மேசை மேலேயே படுத்துறங்கியவர். மூன்று குஷன் ஆட்டமும் கைவந்தவர். 1995இல் ரீனோ நகரில் எதிர்த்து ஆடிய ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட் அவருக்குக் குறிப்பந்தே தெரியாதபடி மறைத்து வைத்தார். ரேயஸ் வெள்ளைப் பந்தை இரண்டு குஷன்களில் மோதவிட்டு, இசட் எழுத்துப் போல மேசையைக் கடந்து, மறைந்திருந்த பந்தைக் குழிக்குள் அனுப்பினார். பார்த்தவர்கள் வித்தை என்றார்கள். என் கணக்கில் அது வித்தை அல்ல, நெருக்கடியில் எடுத்த வழி. யாரும் மறைக்காமல் இருந்திருந்தால் அவர் அதை அடித்திருக்க மாட்டார்.

காட்சி அடிகள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளைஞர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். 1954இல் தொடர்ந்து 526 பந்துகள் விழவைத்த வில்லி மாஸ்கோனியே ஊர் ஊராகக் காட்சி நடத்தியவர். பட்டாம்பூச்சி அடியில் ஆறு பந்துகள் ஒரே அடியில் ஆறு குழிகளுக்குப் போகும். இதில் பாதி வேலை கோலை எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒட்டி நிற்கும் இரண்டு பந்துகளின் மையங்களை இணைக்கும் கோடு எங்கே பார்க்கிறதோ, முன்பந்து ஏறக்குறைய அங்கேதான் போகும். அதனால் வித்தைக்காரர் பந்துகளை வைத்ததும் மேலிருந்து லேசாகத் தட்டுவார். துணியில் கண்ணுக்குத் தெரியாத குழிவு விழுந்து, பந்து நகராமல் ஒட்டி உட்காரும். இது தெரிந்த பிறகு எனக்குப் பட்டாம்பூச்சி மேல் இருந்த மயக்கம் போயிற்று, தட்டும் விரல் மேல் மரியாதை வந்தது. மாஸே பற்றிக் கேட்காதீர்கள். முதல் முயற்சியிலேயே துணியைக் கிழித்துப் பணம் கட்டிவிட்டு வந்தவன் நான்.

பழகுவதற்கு நான் கண்ட ஒரே ஒழுங்கு, ஒரு மாதத்துக்கு ஒரே வேகம். பக்கக் குழிக்குக் குறுக்கே திரும்பும் ஒரு பேங்க், பந்து வைக்கும் இடத்தைச் சாக் புள்ளியால் குறித்துக்கொண்டு. அதுவும் தனியாகக் கூடாது, பக்கத்தில் ஸ்கோர் குறிக்கும் மார்க்கர் ஒருவர் இருக்க வேண்டும். எனக்கு வாய்த்தவர் அறுபது தாண்டியவர். ஸ்கோர் பலகைக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் ஒன்பதாவது பந்து குறுக்கே திரும்பி, நடுவில் நின்ற மஞ்சளைத் தொட்டும் தொடாமலும் கடந்து பக்கக் குழியில் விழுந்தது. சுற்றி நின்ற பையன்கள் விசில் அடித்தார்கள். நான் கோலைச் சாய்த்து வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். தாளை மடிக்காமலே சொன்னார்:

“உரசிட்டுத்தான் சார் விழுந்துச்சு. எடுத்து வெச்சுருங்க.”

குழிக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்தேன்.